நுரையீரல் இல்லாத விருந்தாளிக்கு ஒரு வீடு



அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் ஒரு காட்டைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அக்டோபர் மாதம். மேப்பிள் மரங்களின் இலைகள் உதிர்ந்து தரையை மூடியிருக்கின்றன. முந்தைய இரவு மழை பெய்திருக்கிறது. உங்கள் வயதுள்ள ஒரு மாணவன் அழுகிய மரக்கட்டை ஒன்றை மெல்லப் புரட்டுகிறான். அடியில் பென்சிலைவிட மெலிந்த ஓர் உயிர் வளைந்து கிடக்கிறது. கருஞ்சாம்பல் உடல், முதுகில் கழுத்து முதல் வால் வரை செந்நிறப் பட்டை. பார்ப்பதற்குப் பல்லிபோல் இருக்கிறது. ஆனால் செதில் இல்லை, நகம் இல்லை; தோல் ஈரமாக மின்னுகிறது.

‘இதை ஒரு பெட்டியில் போட்டு வீட்டில் வளர்த்தால் என்ன?’ என்று அவன் நினைக்கிறான்.

இத்தகைய காணொளிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்த்தபின் அதே ஆசை உங்களுக்கும் வந்திருக்கலாம். ஆசையில் தவறில்லை. அந்த ஆசையை இன்று ஓர் அறிவியல் கேள்வியாக மாற்றிப் பார்ப்போம். இந்த உயிர் உயிரோடிருக்க என்னென்ன தேவை? அவற்றை ஒரு பெட்டிக்குள் நம்மால் தர முடியுமா?

யார் இந்தச் சிறிய உயிர்?

இதன் பெயர் செம்முதுகுச் சாலமண்டர். அறிவியல் பெயர் பிளெத்தடான் சினிரியஸ். நீளம் பெரும்பாலும் 6 முதல் 10 சென்டிமீட்டர். எடை ஏறக்குறைய 1 கிராம், அதாவது ஒரு சிறிய காகிதக் கவ்வியின் எடைதான்.

பல்லி ஊர்வன வகையைச் சேர்ந்தது. சாலமண்டரோ தவளையைப்போல் நிலநீர் வாழ்வன வகையைச் சேர்ந்தது. நம் மலேசிய, சிங்கப்பூர்க் காடுகளில் சாலமண்டர் எதுவும் இயற்கையாக வாழவில்லை. நமக்குச் சொந்தமான நிலநீர் வாழ்வன, தவளைகளும் தேரைகளும், மண்ணுக்குள் வாழும் கால்களற்ற சிசிலியன்களும்தாம்.

இவ்வளவு சிறிய உயிர் காட்டுக்கு என்ன செய்துவிடும் என்று எண்ண வேண்டாம். நியூ ஹேம்ப்ஷியர் மாநிலத்தில் ஹப்பர்ட் புரூக் என்னும் ஆய்வுக்காடு உள்ளது. அங்கே தாமஸ் பர்ட்டன், ஜீன் லைக்கன்ஸ் என்ற இரு அறிவியலாளர்கள் சாலமண்டர்களைக் கணக்கெடுத்து 1975இல் முடிவுகளை வெளியிட்டார்கள். காட்டிலுள்ள சாலமண்டர்களின் மொத்த எடை, இனப்பெருக்கக் காலத்தில் அங்கிருக்கும் பறவைகளின் மொத்த எடையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு இருந்தது. அந்தச் சாலமண்டர்களில் மிகப் பெரும்பாலானவை இந்தச் செம்முதுகு வகைதான். கண்ணில் படாமல் சருகுக்கடியில் வாழ்ந்தாலும், அந்தக் காட்டின் உணவு வலையில் இவற்றின் இடம் பெரியது.

மூச்சு எங்கே?

இந்தச் சாலமண்டரின் பெரிய வியப்பு, இதற்கு நுரையீரல் இல்லை என்பது. மீனுக்கு உள்ளதுபோல் செவுளும் இல்லை. இது தன் தோல் வழியாகவும் வாயின் உட்புறச் சவ்வு வழியாகவும் மட்டுமே சுவாசிக்கிறது.

எப்படி? காற்றிலுள்ள உயிர்வளி முதலில் தோலின்மேல் உள்ள மெல்லிய ஈரப்படலத்தில் கரைகிறது. பிறகு தோலைக் கடந்து, அதன் அடியிலேயே ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களுக்குள் செல்கிறது. கரிவளி அதே வழியில் வெளியேறுகிறது. செறிவு மிகுந்த இடத்திலிருந்து செறிவு குறைந்த இடத்துக்குத் துகள்கள் செல்லும் இந்தப் பரவலை மலாய்ப் பாடநூலில் ‘ரெசாப்பான்’ என்று படித்திருப்பீர்கள்.

தோல் மட்டும் எப்படிப் போதும் என்று கேட்பீர்கள். ஒரு கணக்குப் போடுவோம். பக்கம் 1 சென்டிமீட்டர் உள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். கன அளவு 1 கன சென்டிமீட்டர். விகிதம் 6. பக்கம் 3 சென்டிமீட்டர் என்றால் மேற்பரப்பு 54, கன அளவு 27. விகிதம் 2 மட்டுமே. உடல் சிறிதாக இருக்கும்போது, உள்ளே இருக்கும் ஒவ்வொரு கிராமுக்கும் வெளியே கிடைக்கும் தோல் அதிகம். சாலமண்டரின் உடல் சிறியது மட்டுமல்ல, நீண்டு மெலிந்ததும்கூட. அதனால் தோலே அதற்கு நுரையீரலாகப் போதுமானதாகிறது.

இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி, மண், நீர், வெப்பநிலை, கை படுவது என இனி நாம் பேசப்போகும் எல்லாமே இந்தத் தோலைச் சார்ந்தவை.

பெட்டி வீடு

ஒரு சாலமண்டருக்கு, காலணிப்பெட்டி அளவிலோ சற்றுப் பெரிதாகவோ உள்ள பிளாஸ்டிக் பெட்டி போதும். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். ஈரமான உடலால் இது செங்குத்தான பிளாஸ்டிக் சுவரில்கூட ஒட்டி ஏறிவிடும். தப்பித்து உலர்ந்த தரைக்கு வந்தால் சில மணி நேரத்திலேயே காய்ந்து இறக்கும். மூடியில் சில சிறு துளைகள் போதும்; துளைகள் அதிகமானால் உள்ளிருக்கும் ஈரம் போய்விடும்.

அடியில் 5 முதல் 7 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தென்னை நார்த்தூள் அல்லது உரம் கலக்காத மண்ணை இட வேண்டும். பூச்செடிக்கென விற்கும் மண் கூடாது. அதில் உரம் இருக்கும்; உரத்தின் உப்புகள் அந்த மெல்லிய தோல் வழியாக உடலுக்குள் சென்றுவிடும். மேலே சருகுகள், மரப்பட்டைத் துண்டுகள், கொஞ்சம் பாசி. சாலமண்டர் பகலில் ஒளிந்துகொள்ள இருண்ட இடம் கட்டாயம் வேண்டும். விளக்கு தேவையில்லை.

ஈரம் எவ்வளவு? ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் இறுக்கிப் பாருங்கள். உருண்டையாக நிற்க வேண்டும். ஓரிரு துளிக்குமேல் நீர் சொட்டக்கூடாது. ‘ஈரம் பிடிக்கும் உயிர்தானே’ என்று பெட்டியைச் சேறாக்கிவிடுவது தொடக்கநிலையினர் செய்யும் பெரிய தவறு. செம்முதுகுச் சாலமண்டர் நிலத்திலேயே முட்டையிட்டு, நிலத்திலேயே குஞ்சு பொரித்து, நிலத்திலேயே வாழ்வது. தவளையைப்போல் தலைப்பிரட்டைப் பருவம்கூட இதற்கு இல்லை. தேங்கிய நீரும் அழுகல் மண்ணும் இதற்கு நோயைத்தான் தரும். பெட்டியின் ஒரு பக்கத்தைச் சற்று அதிக ஈரமாகவும் மறுபக்கத்தைக் குறைந்த ஈரமாகவும் வைத்தால், தனக்குத் தேவையான இடத்தை அதுவே தேர்ந்துகொள்ளும்.

தெளிக்கும் நீரையும் கவனிக்க வேண்டும். குழாய் நீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்க்கிறார்கள். நாம் குடித்தால் கேடில்லை. தோலால் நீரை உறிஞ்சும் உயிருக்குக் கேடு. ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் வெளியேறும். ஆனால் குளோரமீன் கலந்த நீராக இருந்தால் அப்படி வெளியேறாது. மீன் தொட்டிக்குப் பயன்படுத்தும் குளோரின் நீக்கி அதற்கு வேண்டும்.

ஒரு பெட்டியில் ஒன்று மட்டுமே இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. இரண்டு இருந்தால் துணையாக இருக்குமே என்று நமக்குத் தோன்றும். காட்டில் இவை ஒவ்வொன்றும் தன் கட்டையையும் கல்லையும் காத்துக்கொள்கின்றன. தன் கழிவில் உள்ள மணத்தால் எல்லை குறிக்கின்றன. அயலார் வந்தால் கடித்துச் சண்டையிடுகின்றன. பல்லியைப்போல் வாலைத் துண்டித்துத் தப்பிக்கவும் இவற்றால் முடியும். வால் மீண்டும் வளரும் என்றாலும் அது வெறும் அழகுக்கு இருப்பதன்று. உணவு கிடைக்காத நாளுக்கான கொழுப்பை அதில்தான் சேமித்து வைக்கின்றன. வாலை இழந்த சாலமண்டர் தன் சேமிப்பையே இழந்துவிடுகிறது.

என்ன சாப்பிடும்?

காட்டில் இதன் உணவு மண் உண்ணிகள், எறும்புகள், கறையான்கள், சிறு வண்டுகள், ஈக்களின் புழுக்கள், சிலந்திகள், ஸ்பிரிங்டெயில்கள். ஸ்பிரிங்டெயில் என்பது சருகுகளுக்கிடையே வாழும், ஓரிரு மில்லிமீட்டரே உள்ள ஓர் உயிர். வயிற்றுக்கடியில் மடித்து வைத்திருக்கும் கவைபோன்ற உறுப்பைத் தட்டித் துள்ளிக் குதிக்கும்.

இந்தப் பட்டியலில் இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, எல்லாம் மிகச் சிறியவை. இரண்டு, எல்லாம் உயிரோடு அசைபவை. சாலமண்டர் அசைவைக் கண்டுதான் பெரும்பாலும் இரையைப் பிடிக்கிறது. உலர்ந்த மீன் உணவைக் கிண்ணத்தில் போட்டால் அது பக்கத்திலேயே பட்டினி கிடக்கும்.

இரையின் அளவுக்கு எளிய விதி ஒன்று உண்டு: சாலமண்டரின் தலையின் அகலத்தைவிட இரை பெரிதாக இருக்கக்கூடாது. ஒரு கிராம் எடையுள்ள உயிருக்கு அது எவ்வளவு சிறியது என்று எண்ணிப் பாருங்கள். பறக்க இயலாத பழ ஈக்கள், அப்போதுதான் பொரித்த சுவர்க்கோழிக் குஞ்சுகள் (மலாயில் செங்கெரிக்), ஸ்பிரிங்டெயில்கள், நறுக்கிய சிறிய மண்புழு ஆகியவற்றை வளர்ப்பவர்கள் தருகிறார்கள். உரக்குழிகளில் வளரும் சிவப்புப் புழுக்கள் வேண்டாம். அவை கசப்பான நீரைக் கசியவிடும். சாலமண்டர் பெரும்பாலும் துப்பிவிடும்.

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சில பூச்சிகள் போதும். நேரம் மாலை. நீர் தெளித்துவிட்டு உணவிட்டால் இன்னும் நல்லது. காட்டில் ஈரமான இரவில்தான் இது வேட்டைக்கு வெளியே வரும். பூச்சிகளின்மேல் அவ்வப்போது கால்சியம், வைட்டமின் டி3 பொடியைத் தூவ வேண்டும். தின்னாமல் விட்ட சுவர்க்கோழிகளை மறுநாள் எடுத்துவிட வேண்டும். பசித்த சுவர்க்கோழி சாலமண்டரின் தோலையே கடிக்கும்.

காட்டிலிருந்து பிடித்து வந்தது என்றால் முதல் சில நாள் எதையும் தொடாமல் இருக்கலாம். அது அச்சம். அடிக்கடி மூடியைத் திறந்து ‘சாப்பிட்டதா?’ என்று பார்ப்பது அந்த அச்சத்தைக் கூட்டும். பெட்டியை இருட்டில், அமைதியில் விட்டுவிட வேண்டும். வயிறு ஒட்டிப்போகிறதா, வாலடி மெலிகிறதா என்பதை வெளியிலிருந்தே பார்க்கலாம்.

பூச்சிகளைச் சாலமண்டருக்கு முன்பே வளர்க்கத் தொடங்க வேண்டும் என்பதுதான் பலரும் தாமதமாகக் கற்கும் பாடம். ஸ்பிரிங்டெயில்களுக்கு ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பா, அடுப்புக்கரித் துண்டுகள், அடியில் கொஞ்சம் நீர், சில அரிசி மணிகள் போதும். ஆனால் அவை போதிய அளவு பெருக ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். சாலமண்டர் வந்தபின் உணவு தேடினால் அதுவரை அது காத்திருக்குமா?

கையில் எடுக்கலாமா?

நம் உள்ளங்கையின் வெப்பம் ஏறக்குறைய 30 பாகைக்கு மேல். வியர்வையில் உப்பு, தோலில் எண்ணெய், சில வேளை சவர்க்காரம், கொசு விரட்டி மருந்து. இவ்வளவும் சாலமண்டரின் சுவாச உறுப்பின் மேலேயே படுகின்றன. எனவே எடுக்காமல் இருப்பதே நல்லது. பெட்டியைக் கழுவும்போது மாற்ற நேர்ந்தால், குளோரின் நீக்கிய நீரில் நனைத்த, மாவு பூசாத கையுறை வேண்டும். பெட்டியைத் தொட்டபின் நாமும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். நிலநீர் வாழ்வன சால்மொனெல்லா கிருமிகளைச் சுமந்திருக்கக்கூடும்.

காட்டிலிருந்து எடுப்பதா?

இனி அந்த அமெரிக்க மாணவனிடம் திரும்புவோம். அவன் பெட்டியும் உணவும் சரியாகவே வைத்திருக்கிறான் என்று கொள்வோம். அப்போதும் மூன்று கேள்விகள் மிஞ்சுகின்றன.

முதலாவது, சட்டம். காட்டுச் சாலமண்டரைப் பிடிக்கலாமா என்பது அங்கே மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். தேசியப் பூங்காக்களில் எதையும் எடுக்கக்கூடாது.

இரண்டாவது, எடுப்பதால் ஏற்படும் இழப்பு. பெண் சாலமண்டர் ஒரு முறையில் இடுவது பெரும்பாலும் பத்துக்கும் குறைவான முட்டைகள். அழுகிய கட்டைக்குள் அவற்றைச் சுற்றி வளைந்து படுத்து, குஞ்சு பொரிக்கும்வரை பல வாரம் காவல் காக்கும். அந்த நேரத்தில் கட்டையைப் புரட்டித் தாயை எடுத்துச் சென்றால் முட்டைகளும் போய்விடும்.

மூன்றாவது, நோய். நெதர்லாந்தின் தென்பகுதியிலுள்ள ஒரு காட்டில் மஞ்சள் புள்ளிகள் கொண்ட தீச்சாலமண்டர்கள் வாழ்ந்தன. 2010க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் அவற்றில் 96 விழுக்காடு மறைந்துவிட்டன. காரணம் தோலைத் தின்னும் ஒரு பூஞ்சை என்று 2013இல் கண்டறிந்தார்கள். அதற்கு ‘சாலமண்டரை விழுங்குவது’ என்று பொருள்படும் சாலமண்ட்ரிவோரன்ஸ் என்ற பெயரை வைத்தார்கள். தோலால் மூச்சுவிடும் உயிருக்குத் தோலில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

இந்தப் பூஞ்சை ஆசியாவில் தோன்றியது. செல்லப்பிராணி வணிகத்தின் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றிருக்கலாம் என அறிவியலாளர்கள் கருதுகிறார்கள். அதனால்தான் அமெரிக்க அரசு 2016 ஜனவரியில் 201 வகைச் சாலமண்டர்களின் இறக்குமதியைத் தடை செய்தது. நம் செம்முதுகின் பேரினமும் அந்தப் பட்டியலில் உண்டு. கனடாவும் 2017இல் சாலமண்டர் இறக்குமதிக்குத் தடை விதித்தது.

இதிலிருந்து ஒரு கடுமையான உண்மை பிறக்கிறது. ‘சில வாரம் வைத்திருந்து, பிடிக்காவிட்டால் காட்டிலேயே விட்டுவிடலாம்’ என்று நினைக்க முடியாது. வேறு உயிர்களோடும் வேறு மண்ணோடும் வீட்டில் இருந்த சாலமண்டர், நோயைக் காட்டுக்குள் கொண்டுபோகலாம். பெட்டிக்குள் வைத்தது ஒரு நாள் முடிவு. அதன்பின் வரும் பொறுப்பு பல ஆண்டுகளுக்கு.

காலிப் பெட்டிச் சோதனை

சரி, நம் ஊரில்? கடைகளில் ஆக்சலாட்டல் என்னும் மெக்சிகோ நாட்டு நீர்ச் சாலமண்டரைச் சிலர் பார்த்திருப்பீர்கள். வாங்கலாமா, எந்த வகையை வளர்க்கலாம் என்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உள்ளது. உயிர் எதுவும் இல்லாமலே செய்யலாம்.

மேலே சொன்னபடி ஒரு பெட்டி தயாரியுங்கள். தென்னை நார்த்தூள், சருகு, மரப்பட்டை எல்லாம் இருக்கட்டும். உள்ளே ஒரு வெப்பமானியை வையுங்கள். 14 நாள், காலை 7 மணி, மதியம் 2 மணி, இரவு 9 மணி என மூன்று வேளையும் வெப்பநிலையைக் குறித்து வரைபடம் வரையுங்கள். மண்ணின் ஈரத்தையும் கைப்பிடிச் சோதனையால் குறியுங்கள்.

செம்முதுகுச் சாலமண்டருக்கு ஏற்ற வெப்பநிலை ஏறக்குறைய 10 முதல் 18 பாகை செல்சியஸ். ஆக்சலாட்டலும் 20 பாகைக்குக் குறைந்த குளிர் நீரையே விரும்பும். நம் வீடுகளில் உங்கள் வெப்பமானி 28 முதல் 32 வரை காட்டும்.

அந்த வேறுபாடு ஏன் உயிர் போகும் அளவுக்குப் பெரியது? குளிர் இரத்த உயிர்களில் வெப்பநிலை 10 பாகை கூடினால் வளர்சிதை மாற்றம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. உயிர்வளித் தேவையும் அப்படியே. நமக்கு உயிர்வளி போதாவிட்டால் வேகமாக மூச்சு வாங்குவோம். தோலால் மூச்சுவிடும் உயிர் தன் தோலைப் பெரிதாக்க முடியாது. போதாததற்கு, வெப்பம் கூடக்கூட நீரில் கரையும் உயிர்வளி குறைகிறது. தேவை ஏறுகிறது; வரவு இறங்குகிறது. வெளியே பார்க்கும்போது அது சத்தமில்லாமல் சருகுக்கடியில் கிடக்கும். அவ்வளவுதான் தெரியும்.

அறையில் குளிரூட்டியை இரவும் பகலும் ஓட்டினாலும் 18 பாகையைத் தொடர்ந்து காப்பது கடினம். ஒரு நாள் பிற்பகல் மின்சாரம் தடைபட்டால் போதும். இது போக, மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. சிங்கப்பூரில் செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதி பெற்ற காட்டுயிர்கள் சில மட்டுமே. கடையில் விற்கிறார்கள் என்பதும் இணையத்தில் விற்கிறார்கள் என்பதும் அனுமதிக்குச் சான்றாகாது.

எனவே உங்கள் காலிப் பெட்டிக்குச் சாலமண்டர் வேண்டாம். ஆனால் பெட்டியைக் கொட்டிவிடவும் வேண்டாம். அதில் ஸ்பிரிங்டெயில்களை வளருங்கள்; அவை நம் ஊர்ச் சருகுகளிலேயே கிடைக்கும். ஒரு கைப்பிடி ஈரச் சருகை வெள்ளைத் தாளில் உதறி, பூதக்கண்ணாடியால் பாருங்கள். எத்தனை வகை உயிர்கள் அசைகின்றன என்று எண்ணுங்கள். மழை பெய்த இரவில் வீட்டு வாசலுக்கு வரும் தேரையை, பிடிக்காமல், கைவிளக்கோடு பத்து நிமிடம் கவனியுங்கள். அதற்கு நுரையீரலும் உண்டு, தோல் சுவாசமும் உண்டு. அது ஏன் மழைக்குப் பின் வெளியே வருகிறது என்பதற்கு இப்போது உங்களால் விடை சொல்ல முடியும்.

அந்த மாணவன் என்ன செய்தான் என்று கேட்கிறீர்களா? அவனுக்கு நான் சொல்லும் வழி இதுதான். படம் எடுத்துக்கொள். இடத்தையும் நாளையும் வெப்பநிலையையும் குறித்துக்கொள். சாலமண்டரை நசுக்கிவிடாமல், கட்டையை முன்பு இருந்தபடியே மெல்ல வைத்துவிடு. மழை பெய்த மற்றொரு நாளில் மீண்டும் வந்து பார். தன் கட்டையைக் காத்து நிற்கும் உயிர் அது. அதே இடத்தில் உன்னை மறுபடியும் சந்திக்கக்கூடும்.